பச்சைப் பாம்பும் அதன் பெயரும்

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு செம்பருத்திச் செடியில் பச்சைப் பாம்பு தென்பட்டது. நாலு பேர் கழியோடு வந்துவிட்டார்கள். "கண்ணைக் கொத்திவிடும் சார், தள்ளி நில்லுங்கள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அடிக்க வேண்டாம் என்று நான் தடுத்தேன். ரயில்வேயில் சேர்ந்த புதிதில், தண்டவாளத்து ஓரப் புதரில் இதே போன்ற பாம்பை நானே அடித்துக் கொன்றிருக்கிறேன். செய்தது தவறு என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கண்கொத்திப் பாம்பு என்று நாம் சொல்லும் இது கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை. ஓணான், பல்லி, தவளைதான் இதன் இரை. விஷம் உண்டு, ஆனால் விஷப்பல் மேல்தாடையின் பின்பகுதியில் இருக்கிறது. மனிதரைக் கடித்தால் பெரும்பாலும் வலி, வீக்கத்தோடு போய்விடும்.

மலைக்காடுகளில் வாழும் மூங்கில் குழிவிரியனும் பச்சைதான். ஆனால் அது வேறு குடும்பம். முக்கோணத் தலை, முன்னால் நீண்ட விஷப்பற்கள், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பம் உணரும் குழி. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகத் தயாரிக்கப்படுவது, இதற்கென்று அல்ல. ஆகவே எந்தப் பாம்பு என்பது மருத்துவருக்கு முக்கியம்.

டபிள்யூ.டி.எம்.-2 என்றால் அகலப்பாதை, டீசல், பலவகைப் பணி, இரண்டாம் மாதிரி என்று ரயில்வேக்காரர்களுக்குப் புரியும். ஒரே வண்ணம் பூசியதால் இரண்டு எஞ்சின்கள் ஒரே வகை ஆகிவிடாது. பாம்புக்கும் அப்படித்தான். விஞ்ஞானப் பெயரில் முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். பச்சைப் பாம்பின் பேரினம் அஹேதுல்லா; சிங்களத்திலிருந்து வந்த சொல். கண்கொத்திக் கதை அங்கேயும் உண்டு!

இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ஒரே 'அஹேதுல்லா நாசுட்டா' என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2020-இல் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் மரபணு, செதில், மூக்கு அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, நாசுட்டா இலங்கைக்கு மட்டுமே உரியது என்றார்கள். தென்னிந்தியச் சமவெளியில் இருப்பது 'ஆக்ஸிரின்கா'. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவை வேறு நான்கு. அவர்களே 2019-இல் அகத்தியமலைப் பகுதியிலிருந்து, சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒரு கிளையையும் அறிவித்தார்கள்.

அன்பர்களே, பச்சையாக எதைக் கண்டாலும் தொடாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். கடித்துவிட்டால் கீறாமல், கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் தெருப் பாம்பு மெல்ல முருங்கை மரத்துக்குத் தாவியது. கழிகளும் வீடு திரும்பின.