வெந்நீர்ச் சுற்றுக்கு ஒரு காவல் மருந்து



ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில், வீட்டைக் குளிர்விக்கத்தான் நாம் பணம் செலவிடுகிறோம். பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. அங்கே ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வீட்டைச் சூடாக்கினால்தான் குடியிருக்க முடியும். வீட்டின் உட்புறம் குறைந்தது 18 பாகை செல்சியஸ் வெப்பமாவது இருப்பது நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில், குளிர் நடுவே வெப்பச் சாதனம் நின்றுபோனால் அது உடல்நலத்துக்கே ஆபத்து.

மேற்படிப்புக்காக அங்கே சென்று வாடகை வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைகள், தொலைபேசியில் பேசும்போது, "ரேடியேட்டர் மேலே சுடுகிறது, கீழே சில்லென்று கிடக்கிறது" என்று குறைப்படுவதுண்டு. அந்தக் குறைக்கு என்ன காரணம்? அதை வராமல் தடுக்க ஒரு புட்டி மருந்தால் எப்படி முடிகிறது? எப்போது முடியாமல் போகிறது? இவற்றைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில், அந்த வீடுகள் எவ்வாறு சூடேற்றப்படுகின்றன என்று தெரிந்துகொள்வோம். சமையலறைச் சுவரிலோ ஓர் அலமாரியினுள்ளோ ஒரு கொதிகலன் இருக்கும். பெரும்பாலும் அது எரிவாயுவால் இயங்குவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ஆம் ஆண்டு எடுத்த குடிக்கணக்கின்படி, நான்கில் ஏறக்குறைய மூன்று வீடுகள் குழாய்வழி எரிவாயுவைக் கொண்டே சூடாக்கப்பட்டன. கொதிகலனில் சூடாகும் நீரை ஒரு பம்பு குழாய்களின் வழியே தள்ளும். ஒவ்வோர் அறையிலும் சுவரோடு ஒட்டினாற்போல் ஓர் எஃகுப் பலகை இருக்கும். அதுதான் ரேடியேட்டர். நீர் அதனுள் புகுந்து, தன் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் கொதிகலனுக்கே திரும்பும்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குளிப்பதற்குக் குழாயைத் திறந்தால் வருகிற வெந்நீர் வேறு. ரேடியேட்டருக்குள் ஓடுகிற நீர் வேறு. பின்னது ஒரு மூடிய சுற்று. ஒருமுறை நிரப்பிய நீரே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வரும். ஆகையால் அந்த நீரில் மருந்து கலக்கலாம். அது குடிக்கும் நீரோடு சேர்வதில்லை.

அந்த நீர் எந்தெந்த உலோகங்களைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது தெரியுமா? ரேடியேட்டர் எஃகு. அதன் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். குழாய் பெரும்பாலும் செம்பு. வால்வுகள் பித்தளை. கொதிகலனுக்குள் நீரைச் சூடாக்கும் பாகம் அலுமினியமாகவோ துருவேறா எஃகாகவோ இருக்கலாம். வெவ்வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்து, ஒன்றோடொன்று தொடர்பும் கொண்டிருந்தால், அங்கே சிறியதொரு மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் எளிதில் கரையும் உலோகம் தேய்கிறது. செம்புக்கும் இரும்புக்கும் இடையே நடக்கும் போட்டியில் தேய்வது இரும்புதான்.

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒன்று நீர், மற்றொன்று பிராணவாயு. பள்ளிக்கூடத்தில் ஆணிகளை வைத்துச் செய்யும் சோதனை நேயர்களுக்கு நினைவிருக்கும். சாதாரண நீரில் போட்ட ஆணி துருவேறும். நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் ஆணியைப் போட்டு, மேலே எண்ணெய் ஊற்றி மூடிவிட்டால், அது நெடுநாள் பளபளப்பாகவே இருக்கும். கொதித்தபோது நீரில் கரைந்திருந்த பிராணவாயு வெளியேறிவிட்டது. எண்ணெய் புதிய காற்றை உள்ளே விடவில்லை.

இதை அந்த வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 10 பாகை குளிர்ச்சியுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். நடுத்தர வீடு ஒன்றின் வெப்பச் சுற்றில் 100 லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தப் பிராணவாயு ஒரு கிராமைச் சற்றே தாண்டும். ஒரு கிராம் பிராணவாயு ஏறக்குறைய 2.6 கிராம் இரும்பைத்தான் தின்ன முடியும். அத்தனை ரேடியேட்டர்களிலும் சேர்த்து ஏறக்குறைய மூன்று கிராம் என்பது ஓர் இழப்பே அல்ல. அந்தப் பிராணவாயு தீர்ந்ததும் துருவின் வேகமும் தணிந்துவிடும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? புதிய நீர் உள்ளே வருவதில்தான் ஆபத்து. எங்கோ ஒரு மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. அழுத்தம் குறைகிறது. வீட்டார் குழாயைத் திறந்து நீரை ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த மாதமும் அவ்வாறே. பழைய வீடுகளில் கூரைக்குக் கீழே ஒரு சிறு தொட்டி இருக்கும். அது மிதவை வால்வு வழியே தானாகவே நிரம்பிக்கொள்ளும். அங்கே கசிவு இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வாளிப் புதுநீரும் துருவுக்குப் புதிதாக உணவூட்டுகிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பது இந்த விஷயத்தில் கெடுதலாக முடிகிறது.

பிராணவாயு குறைவாக உள்ள அந்தச் சுற்றில் உண்டாவது நாம் சாதாரணமாகப் பார்க்கும் செந்துரு அன்று. அது மேக்னடைட் என்னும் கறுப்புப் பொடி. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நீரைப்போல் ஐந்து மடங்கு கனமானது. அதனால் ரேடியேட்டரின் அடியில் போய்ச் சேறாகப் படிந்துவிடும். மேலே சூடு, கீழே குளிர் என்ற குறைக்கு இதுவே காரணம். இதற்கு மாறாக ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்து கிடந்தால், உள்ளே காற்றோ வாயுவோ தேங்கியிருக்கிறது என்று பொருள். அடிக்கடி அப்படித் தேங்கினால் அது ஹைட்ரஜனாக இருக்கலாம்; உள்ளே இரும்பு அரிக்கப்படும்போது வெளிப்படும் வாயு அது. தீப்பற்றக்கூடியது. ரேடியேட்டரிலிருந்து வாயுவை வெளியேற்றும்போது அருகே நெருப்பு வைத்துக்கொள்ளக் கூடாது.

கறுப்புச் சேறு ரேடியேட்டரோடு நிற்பதில்லை. இக்காலத்துப் பம்புகளின் சுழலியில் நிலைக்காந்தம் இருப்பதால், அங்கேயும் போய் ஒட்டிக்கொள்கிறது. கொதிகலனின் குறுகிய வழிகளை அடைக்கிறது. கொதிகலன் இரைகிறது, எரிவாயுக் கட்டணம் ஏறுகிறது, அறை மட்டும் சூடாவதில்லை. கடைசியில், உறைபனி விழும் ஓர் இரவில் எல்லாம் நின்றுபோகிறது.

இனி மருந்துக்கு வருவோம். இதற்கு அரிமானத் தடுப்பான் என்று பெயர். உலோகம் அரிக்கப்படுவதைத் தடுப்பது என்று பொருள். இதன் பின்னணியில் உள்ள கருத்து பழையது. 1836-ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்னும் அறிஞரும் மைக்கேல் ஃபாரடேயும் ஒரு வியப்பான செய்தியைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தெடுத்த இரும்பு, அதன்பின் நீர்த்த அமிலத்தில் கரைய மறுத்தது. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி அதைக் காக்கிறது என்று ஃபாரடே கருதினார். பின்னர் இருபதாம் நூற்றாண்டில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ், அரிமானம் என்பது மின்வேதி நிகழ்ச்சி என்பதை ஆய்வுகளால் நிலைநாட்டினார். 1889 முதல் 1980 வரை வாழ்ந்த அவரை அரிமான அறிவியலின் தந்தை என்று போற்றுவர்.

தடுப்பு மருந்து செய்வதும் அந்தப் படலத்தை வளர்ப்பதுதான். நைட்ரைட்டு, மாலிப்டேட்டு போன்ற உப்புகள் இரும்பின் மேல் படலத்தை நிலைநிறுத்தும். பென்சோட்ரையசோல் என்னும் பொருள் செம்பின் மேல் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கும். நீரில் அமிலத்தன்மை ஏறாதபடி பார்த்துக்கொள்ளும் பொருள்களும் உடன் சேர்க்கப்படும். படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் மில்லியனில் சில பங்குகள், அவ்வளவுதான். ஆனாலும் அது முழுமையாக இருக்கும்வரை இரும்புக்கும் நீருக்கும் நேரடி உறவு இல்லை.

முழுமையாக இருக்கும்வரை என்றேன். அதைக் கவனிக்க வேண்டும். கொசுவலையில் ஒரே ஓர் ஓட்டை இருந்தால் போதும்; அறையிலுள்ள கொசு எல்லாம் அந்த வழியாகவே உள்ளே வரும். இரும்பின் மேல் படலத்தை வளர்க்கும் மருந்துகளும் அத்தகையவை. அளவு குறைந்தால் படலம் அங்கங்கே விட்டுப்போகும். அரிமானம் முழுவதும் விட்டுப்போன அந்தச் சிறு புள்ளிகளில் திரண்டு தாக்கும். தகடு ஊசித்துளையாக ஓட்டை விழும். பாதி மருந்து பாதி பாதுகாப்பைத் தருவதில்லை. சில சமயம் மருந்தே இல்லாததைவிடக் கேடு செய்கிறது.

ஆகவே மூன்று விதிகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் விதி, துப்புரவு. அழுக்குப் பாத்திரத்தில் பால் காய்ச்சினால் திரிந்துபோகும். அதுபோலச் சேறு நிறைந்த சுற்றில் மருந்தை ஊற்றிப் பயனில்லை. மருந்து புதுத் துருவைத் தடுக்குமே தவிர, படிந்த சேற்றை அள்ளி வெளியே போடாது. பழைய நீரை வெளியேற்றி, தெளிந்த நீர் வரும்வரை அலசிய பிறகே மருந்து. பிஎஸ் 7593 என்னும் பிரிட்டிஷ் தரவிதி 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, சுற்றில் ஒரு வடிகட்டியும் பொருத்த வேண்டும் என்று கூறியது. இதற்குப் பெரும்பாலும் காந்த வடிகட்டியையே வைக்கிறார்கள். மிதந்து வரும் கறுப்புப் பொடியை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது விதி, அளவு. ரேடியேட்டர்களை எண்ணிப் பார்த்து, புட்டியின் மேல் அச்சிட்டுள்ள அளவைப் பின்பற்ற வேண்டும். ஒரு லிட்டர் புட்டி 100 லிட்டர் நீருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ரேடியேட்டர்களுக்குப் போதும் என்ற வகை பரவலாகக் கிடைக்கிறது. வீடு பெரிதானால் இரண்டு புட்டி ஊற்றத் தயங்கக் கூடாது. வெவ்வேறு மருந்துகளைக் கலப்பதும் நல்லதன்று. கூரைத் தொட்டி உள்ள வீட்டில் தொட்டியிலும், தொட்டி இல்லாத வீட்டில் வடிகட்டியின் வாயிலோ ரேடியேட்டரின் வழியாகவோ மருந்தைச் செலுத்துவார்கள். பிறகு பம்பை ஓடவிட்டு, மருந்து எங்கும் பரவச் செய்ய வேண்டும்.

மூன்றாவது விதி, கண்காணிப்பு. நான் குறிப்பிட்ட அதே தரவிதியின்படி, ஆண்டுக்கு ஒருமுறை மருந்தின் அளவைச் சோதிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருந்தைப் புதிதாக இட வேண்டும். அல்லது நீரை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். எளிய சோதனை ஒன்றும் உண்டு. ரேடியேட்டரிலிருந்து எடுத்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையிலும், குழாய்நீரை மற்றொன்றிலும் ஊற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கிய சாதாரண இரும்பாணி ஒன்றை இரண்டிலும் போட்டு வைக்கலாம். சில நாள் கழித்துக் குழாய்நீர் ஆணி துருவேறியிருக்கும். மற்றதும் துருவேறியிருந்தால் மருந்தின் பலம் போய்விட்டது. அழுத்தம் அடிக்கடி குறைந்தால், நீரை ஏற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடாமல் கசிவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். புதுநீர் துருவுக்கு உணவளிப்பதோடு, உள்ளே இருக்கும் மருந்தையும் நீர்த்துப்போகச் செய்கிறது.

வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் குறுகிய கால வாடகை வீடுகளில் வெப்பச் சாதனத்தைப் பழுதுபார்த்து வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று 1985-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆகவே குறையைக் கண்டதும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கொதிகலனின் எரிவாயுப் பகுதியை நீங்களாகத் திறக்காதீர்கள். அதற்கென்று பதிவுபெற்ற வல்லுநர் வர வேண்டும்.

நேயர்களே, நமக்கு வெந்நீர்ச் சுற்று தேவையில்லை என்றாலும், இதே பாடம் நம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள்ளும் இருக்கிறது. கார் எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரும் ஒரு மூடிய சுற்றுதான். அதில் ஊற்றும் குளிர்விப்பு நீரிலும் அரிமானத் தடுப்பான் கலந்திருக்கிறது. இங்கே உறைபனி இல்லையே, வெறும் குழாய்நீர் போதாதா என்று சிலர் எண்ணுகிறார்கள். பனிக்காக மட்டும் அது ஊற்றப்படுவதில்லை, உலோகத்தைக் காக்கவும்தான். அடிக்கடி நீர் குறைகிறதென்றால் அங்கேயும் கசிவைத்தான் தேட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. அந்தக் குளிர்விப்பு நீர் நஞ்சாகவும் இருக்கக்கூடும் என்பதால், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

வீட்டுக் கொதிகலனாக இருந்தாலும் கார் எஞ்சினாக இருந்தாலும் முறை ஒன்றே. முதலில் அழுக்கை வெளியேற்றுங்கள், கசிவை அடையுங்கள், பிறகு மருந்தை அளவோடு இடுங்கள், ஆண்டுதோறும் சோதித்துப் பாருங்கள். கசிவை அப்படியே விட்டுவிட்டு மருந்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பவர், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புகிறவரே ஆவார்.