டெர்மினலில் நிறம்: யார் முடிவு செய்வது?

டெர்மினலில் ஒரு நிரலை ஓட்டினால் பிழைச்செய்தி சிவப்பாகவும், தேறிய சோதனை பச்சையாகவும் வருகிறது. ஆனால் நிரல் நிறம் எதையும் தீட்டுவதில்லை. எழுத்துகளோடு எழுத்தாக ஒரு குறிப்பை அனுப்புகிறது, அவ்வளவுதான்.

சிவப்புக்கான குறிப்பைப் பார்ப்போம். முதலில் கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் எழுத்து. அதன் எண் 27. அடுத்து ஒரு சதுர அடைப்புக்குறி, பிறகு 31, கடைசியில் ஆங்கில எழுத்து 'எம்'. 31 சிவப்பு, 32 பச்சை. எண் 0 வந்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். அதை அனுப்ப மறந்தால் அடுத்து வரும் வரிகளும் சிவப்பிலேயே தொடரும். 1976-இல் எக்மா-48 தரநிலையாக வந்த இந்த முறையை, 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற டெர்மினல் கருவி பரவலாக்கியது. அந்தக் கருவிக்கு நிறமே கிடையாது. தடித்த எழுத்து, அடிக்கோடு போன்றவைதான் இருந்தன. இன்றைய டெர்மினல்கள் பல 1.6 கோடிக்கும் மேற்பட்ட நிறங்களைக் காட்டுகின்றன.

நாடகப் பிரதியில் 'கோபமாக' என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதை நடிகர் வசனமாகப் பேசினால் எப்படியிருக்கும்? நிரலின் வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கும்போது அதுதான் நடக்கிறது. நிறக் குறிப்புகளும் கோப்பில் ஏறி, வரிக்கு வரி புரியாத எண்களாக நிற்கின்றன. அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால்கூடச் சில சமயம் சிக்காது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா, வேறெங்கோ போகிறதா என்று 'இஸ்ஏடிடிஒய்' என்ற செயல்கூறு சொல்லிவிடும். எல்எஸ், கிரெப் ஆகிய கருவிகளில் 'கலர்' தெரிவுக்கு 'ஆட்டோ' கொடுத்தால், இந்தச் சோதனையைச் செய்து டெர்மினலுக்கு மட்டும் நிறம் தருகின்றன. 'ஆல்வேஸ்' என்றால் எப்போதும்; 'நெவர்' என்றால் ஒருபோதும் இல்லை.

இதற்கு மேல் வாசிப்பவரின் விருப்பம் இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து கண்ணை உறுத்தும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே உண்டு. எந்த நிறமும் வேண்டாம் என்பவருக்காக 2017-இல் 'நோ_கலர்' வழக்கம் முன்வைக்கப்பட்டது. அந்தப் பெயரில் சூழல் மாறி ஒன்றை அமைத்து ஏதாவது மதிப்புக் கொடுத்துவிட்டால், அதை மதிக்கும் நிரல்கள் எல்லாம் நிறத்தை நிறுத்திவிடும்.

ஆகவே நிரல் எழுதுபவர் பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் பயனர் கட்டளையிலேயே கேட்டது, அடுத்து நோ_கலர், அதன்பின் டெர்மினல் சோதனை. கூடவே, சிவப்பில் காட்டும் பிழைக்குப் பக்கத்தில் 'பிழை' என்ற சொல்லையும் எழுதிவிட வேண்டும். நிறம் போனாலும் செய்தி போகக் கூடாது.