கைக்கு வரும் செய்தி



மணல் படிந்த செம்மண் பாதையில் சைக்கிள் ஓட்டிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. முன் சக்கரம் சறுக்கப் போவதைக் கண் காணுமுன் கைப்பிடி சொல்லிவிடும். அதிவேகக் கார்களிலும் இதே கதைதான். சாலையின் நிலையை ஓட்டுநருக்கு அறிவிக்கும் தூதுவன் ஸ்டியரிங். அதைத் திருப்ப நமக்கு உதவுவது எண்ணெயா, மின்சாரமா என்பதே இன்றைய பேச்சு.

கார்கள் கனத்து, டயர்கள் அகன்றபோது, ஸ்டியரிங்கைத் திருப்பக் கைவலிமை மட்டும் போதவில்லை. 1951-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம், எண்ணெய் அழுத்தத்தால் உதவும் ஸ்டியரிங்கைத் தன் இம்பீரியல் காரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. எஞ்சினோடு வாரால் இணைந்த பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, அதன் தண்டில் உள்ள மெல்லிய கம்பி சற்றே முறுக்கிக்கொள்ளும். உடனே வால்வு திறந்து, எண்ணெய் சக்கரங்களைத் திருப்பத் துணை செய்யும்.

மின்சார முறையிலும் அந்தக் கம்பி உண்டு. ஆனால் அது எவ்வளவு முறுக்கியது என்பதை ஓர் உணர்கருவி அளக்கிறது, கணினி கணக்கிடுகிறது, மோட்டார் உதவுகிறது. 1988-ல் ஜப்பானின் சுசுகி செர்வோ என்ற சிறிய காரில் இது வந்தது. 2011-ல் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம், தன் புகழ்பெற்ற 911 காரின் புதிய தலைமுறைக்கும் மின்சார ஸ்டியரிங்கையே பொருத்தியது. "பழைய உணர்வு போயிற்றே!" என்று வேகப் பிரியர்கள் பலர் குறைப்பட்டனர்.

அவர்கள் குறைப்பட்டதில் பொருள் உண்டா? உண்டு. வளைவில் திரும்பும் டயர், தன்னை நேராக்கிக்கொள்ள முயலும். அந்த எதிர்விசைதான் கையில் கனமாகத் தெரிகிறது. டயரின் பிடி முற்றிலும் விடுபடுவதற்குச் சற்று முன்பே இக்கனம் குறையத் தொடங்கும். அதுவே எச்சரிக்கை மணி. எண்ணெய் முறையில் இந்த மணி ஓரளவு தெளிவாகவே ஒலிக்கும். மின்சார முறையிலோ, மோட்டாரின் சுழல் கனமும் பல்சக்கரங்களின் உராய்வும் நுண்ணிய அதிர்வுகளை விழுங்கிவிடக்கூடும்.

அப்படியானால் மின்சாரத்தை ஏன் நாடினார்கள்? எண்ணெய்ப் பம்ப், நேர்ச்சாலையில் கார் ஓடும்போதும் எஞ்சினின் சக்தியைத் தின்றுகொண்டே இருக்கும். மோட்டாரோ தேவைப்படும்போது மட்டும் உழைக்கும், எரிபொருள் மிச்சம். எண்ணெய் ஒழுகும் தொல்லையும் இல்லை. கார் தன் தடத்தை விட்டு விலகினால் திருத்திவிடும் வசதியையும் இம்முறை எளிதாக்குகிறது.

எண்ணெய் முறையைக் கைவிடாதவர்களும் உண்டு. 1996 முதல் 2017 வரை நம் நாட்டுப் புரோட்டோனின் பொறுப்பில் இருந்த பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம், 2021-ல் அறிமுகப்படுத்திய எமிரா காரிலும் எண்ணெய் முறையையே வைத்தது. எனினும், மின்சாரம் என்றாலே உணர்வற்றது என்று முடிவு கட்டலாகாது. மோட்டாரை ஸ்டியரிங் தண்டில் வைக்காமல், சக்கரங்களுக்கு அருகே, அவற்றைத் திருப்பும் பற்சட்டத்தில் வைத்து, கணினியையும் கவனமாகப் பழக்கினால் செய்தி பெருமளவு கைக்கு எட்டும்.

நேயர்களே, நம்மிடம் அதிவேகக் கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நம் ஊரில் அடைமழைக்குப் பஞ்சமில்லை. நீர் தேங்கிய சாலையில் ஸ்டியரிங் திடீரென்று இலேசானால், டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்துவிட்டது என்று பொருள். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல், எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். நம் காரின் ஸ்டியரிங் அதிகம் பேசாத வகை என்றால், அந்தச் செய்திக்குக் காத்திராமல் முன்னரே வேகத்தைக் குறைப்போம். எண்ணெயோ மின்சாரமோ, உதவி மட்டுமே செய்யும். எச்சரிக்கை நம்முடையதாகவே இருக்க வேண்டும்.