கூரைக்கு ஒரு மூக்கு

கோப்பையிலிருந்து காப்பியை ரொம்ப மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நேரே டவராவில் விழவேண்டிய காப்பி, கோப்பையின் விளிம்பைக் கட்டிக்கொண்டு வெளிப்புறமாக வழிந்து உங்கள் புடவைக்கு வந்து சேரும். "கையிலே நிதானம் இல்லை" என்பார் மாமியார். உண்மையில் நிதானம் அதிகமானதுதான் குற்றம்! சட்டென்று கவிழ்த்திருந்தால் நேராக விழுந்திருக்கும். இந்த வேடிக்கைக்கு 1956-ல் மார்க்கஸ் ரைனர் என்ற விஞ்ஞானி 'தேநீர்க் கெண்டி விளைவு' என்று பெயரே சூட்டிவிட்டார்.

இதே வித்தையை வைத்து மேல்நாட்டார் கூரையோரத் தகர வாய்க்காலுக்கு ஒரு மூடி செய்திருக்கிறார்கள். மூடியின் முன்விளிம்பு மூக்குப்போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மழைத் தண்ணீர் அந்த வளைவைத் தழுவிக்கொண்டு இறங்கி, மூக்கின் அடியிலுள்ள இடுக்கு வழியாக வாய்க்காலுக்குள் போய்விடும். இலைக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. அப்படியே தரையில் விழும். கேட்க எவ்வளவு நன்றாயிருக்கிறது!

ஆம்பூரில் என் சித்திக்கு இதன்மேல் ஒரு கண். காரணம் இருக்கிறது. பிரியாணிக்குப் பேர்போன அந்த ஊரில், அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பதனிடுமுன் தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். அந்த உப்பும் பதனிடும் ரசாயனங்களும் பல காலமாகப் பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கி வந்திருக்கின்றன. 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த பிரசித்தி பெற்ற தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ அடியோடோ பாழ். 2025-லும் பாலாற்றுக்காக அதே கோர்ட் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

ஆகவே அங்கே நல்ல தண்ணீர் என்றால் வானத்திலிருந்து வருவதுதான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர்! 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது நினைவிருக்கும். ஆனால் வாய்க்காலில் ஒரு கை இலை அடைத்துக்கொண்டால் அத்தனையும் முற்றத்திலே வழிந்துவிடும்.

அப்படியானால் மூக்குவைத்த மூடியை வாங்கிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். காப்பிக் கதையின் பின்பாதியை மறந்துவிட்டீர்களே! தண்ணீர் மெல்லியதாக, நிதானமாக வந்தால்தான் வளைவைத் தழுவும். நம் ஐப்பசி மழைக்கு நிதானம் ஏது? கூரையிலிருந்து தடதடவென்று இறங்கும் வெள்ளம், மூக்கைத் தாண்டி எகிறிக் குதித்துவிடும். தொட்டி நிரம்பவேண்டிய நாளில்தானா அது காலை வாரவேண்டும்?

இலையும் லேசுப்பட்டதல்ல. பெரிய இலையை மூடி தள்ளிவிடும், வாஸ்தவம். புளிய இலையும் வேப்பம்பூவும் நனைந்தால் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு இடுக்குக்குள் நுழைந்துவிடும். உள்ளே சேறாகி, தண்ணீர் தேங்கிக் கொசுவும் குடிவரும். மூடியிருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஆளைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றவேண்டும். தூசும் பாசியும் படிந்த மூக்கோ தன் வேலையையே சரியாகச் செய்யாது. நம் ஓட்டுக்கூரையின் விளிம்பு வேறு அலை அலையாக இருக்கிறது. தட்டையான மூடி அதன்கீழ் இடைவெளியின்றிப் பொருந்துவது பெரும்பாடு. மொட்டைமாடி வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்: தண்ணீர் இறங்கும் துவாரத்தில் ஒரு வலை போதும்.

சித்தி கடைசியில் மூடி வாங்கவில்லை. வாய்க்காலைத் திறந்தபடியே விட்டு, குழாய் வாயில் கம்பிவலையைப் பந்துபோல் சுருட்டிச் செருகியிருக்கிறாள். இலை மேலே தங்கும், கையால் அள்ளிவிடலாம். முதல் மழையைத் தொட்டிக்கு விடுவதில்லை. கூரைப் புழுதியெல்லாம் அதோடு போகட்டும் என்று குழாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடுகிறாள். தொட்டிக்கு இறுக்கமான மூடி. குடிப்பதற்குக் காய்ச்சிய தண்ணீர்தான்.

புரட்டாசி முடிவதற்குள் ஏணி போட்டு வாய்க்காலைத் துடைப்பது மட்டும் சித்தப்பாவின் பொறுப்பு. போன வருஷம் அவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். அதனால் மூன்று வாரம் அந்த வீட்டில் வேகாத பருப்புதான்!