நிறுவன விற்பனையில் உரிமையாளர் பணம் பெறும் முறைகள்

ஒரு நிறுவனத்தை விற்கும் உரிமையாளருக்கு அதன் விலை ரொக்கமாகவோ, வாங்கும் நிறுவனத்தின் பங்குகளாகவோ, பிற்காலத் தவணையாகவோ கிடைக்கலாம். பல விற்பனைகளில் இவை கலந்தே வருகின்றன. எனவே, அறிவிக்கப்படும் விலையும் உரிமையாளரின் கைக்கு வரும் தொகையும் ஒன்றாக இருப்பதில்லை.

ரொக்கம்

திருநெல்வேலி அருகே சங்கர்நகரில் ஆலை கொண்ட இந்தியா சிமெண்ட்ஸ் 1946-இல் தொடங்கப்பட்டது. 2024 ஜூலையில், அதன் புரமோட்டர்களிடமும் அவர்களைச் சார்ந்தோரிடமும் இருந்த 32.72% பங்குகளைப் பங்கொன்றுக்கு 390 ரூபாய் வீதம், சுமார் 3,954 கோடி ரூபாய்க்கு வாங்க அல்ட்ராடெக் ஒப்புக்கொண்டது. இந்தியப் போட்டி ஆணையம் ஒப்புதல் அளித்த பின், டிசம்பரில் பங்குகள் கைமாறின. செபி விதிகளின்படி பொதுப் பங்குதாரர்களுக்கும் அதே 390 ரூபாயில் விற்க வாய்ப்பு அளிக்கப்பட்டது.

பங்கு மாற்றம்

1943-இல் தொடங்கப்பட்ட பாங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியுடன் இணைந்தது. அதன் ஒவ்வொரு பங்குக்கும் ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்குகள் வழங்கப்பட்டன. இம்முறையில் விற்றவரின் செல்வம் புதிய நிறுவனத்தின் பங்கு விலையோடு ஏறும். அதோடு இறங்கவும் செய்யும்.

படிப்படியான விற்பனை

2022 அக்டோபரில் பாட்ஷா மசாலாவின் 51% பங்குகளை டாபர் 587.52 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. மீதி 49% ஐந்தாண்டுகளுக்குப் பின் வாங்கப்படும் என்பது ஏற்பாடு. குறிப்பிட்ட இலாப இலக்கை எட்டினால் மட்டும் கூடுதல் தொகை தருவதும் உண்டு. இதற்கு 'ஏர்ன் அவுட்' என்று பெயர்.

ஒரு கணக்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தில் ஒரு குடும்ப நூற்பாலை 10 கோடி ரூபாய்க்கு விலை பேசப்படுவதாகக் கொள்வோம்.

- வங்கிக் கடனுக்குக் கழிவது: 3 கோடி
- மறைந்திருக்கும் வரி பாக்கி, வழக்கு போன்றவற்றுக்காக எஸ்க்ரோ எனும் பொதுக் கணக்கில் நிறுத்தி வைப்பது: 1 கோடி
- இலாப இலக்கை எட்டினால் தருவது: 1 கோடி
- விற்பனை நாளில் கையில் கிடைப்பது: 5 கோடி

இதன் பின் மூலதன ஆதாய வரி உண்டு. பட்டியலிடப்படாத பங்குகளை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் ஆதாயத்தின் மீது 12.5% வரியும் அதற்குரிய மேல்வரிகளும் செலுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பாக்கித் தொகைக்கு வங்கி உத்தரவாதம் பெறுவது விற்பவருக்குப் பாதுகாப்பு. எஸ்க்ரோ பணம் எந்த நாளில், எந்த நிபந்தனையில் விடுவிக்கப்படும் என்பதும், இலாபத்தைக் கணக்கிடும் முறையும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

சிறு ஆலை உரிமையாளர்கள் பலர் கடனுக்குத் தம் வீட்டை அடமானம் வைத்து, சொந்த ஜாமீனும் கொடுத்திருப்பர். ஆலை கைமாறுவதால் மட்டும் அந்த ஜாமீன் நீங்காது. வங்கியிடமிருந்து எழுத்து மூலம் விடுவிப்புப் பெறாவிட்டால், புதிய உரிமையாளர் கடனைக் கட்டத் தவறும்போது விற்றவரின் வீட்டுக்கே ஆபத்து வரும்.