உங்களுக்குத் தெரியுமா? 'ஸ்வேட்' என்பது ஒரு நாட்டின் பெயர்!

பிரெஞ்சு மொழியில் 'ஸ்வேட்' என்றால் ஸ்வீடன். அந்நாட்டின் மென்மையான தோல் கையுறைகளை 'ஸ்வீடன் கையுறை' என்று சொல்லப்போய், அந்தப் பெயர் தோலுக்கே நிலைத்துவிட்டது.

வழுவழுப்பான லெதர் என்பது தோலின் மேற்புறம். ஸ்வேட் பெரும்பாலும் அதன் உட்புறம், சதையை ஒட்டியிருந்த பக்கம். விரலால் ஒரு பக்கமாகத் தடவினால் வெளிறும், எதிர்ப்பக்கம் தடவினால் கறுக்கும். அத்தனையும் நுண்ணிய இழைகள்! தயவுசெய்து ஸ்வேட் ஷூவில் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். இழைகள் படுத்து ஒட்டிக்கொண்டால் பழைய அழகு திரும்புவது கடினம். சேறு பட்டால் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். சின்னக் கறைக்குப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரே போதும்.

எந்தத் தோல் ஷூவானாலும், மழையில் நனைந்ததை வெயிலில் காயவைக்கிறோமே, அதுதான் பெரிய கொடுமை. தோலின் எண்ணெய்ப்பசை வற்றி, விரல் மடியும் இடத்தில் வெடிப்பு விடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

அடிப்பாகம் தேய்ந்துவிட்டதா? உடனே தூக்கிப் போடாதீர்கள். ஓரத்துத் தோல்பட்டையோடு சேர்த்துத் தைத்த ஷூ என்றால், தையலைப் பிரித்துப் புது அடி தைத்துக்கொள்ளலாம்; மேல்தோல் நன்றாக இருக்கும்வரை இரண்டு, மூன்று முறைகூட.