கைக்குழந்தையோடு ஏற்காடு ஏறும்போது

மே மாதம் வந்துவிட்டால் நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாசல்கள் பலவற்றில் பூட்டுத் தொங்கும். அக்னி நட்சத்திர வெயிலுக்குத் தப்பி மலைக்குப் போகிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஏற்காடு. விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போய், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏரி வந்துவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் கிளம்புமுன் ஒரு வாக்குவாதம் நடக்கும். “பச்சப் புள்ளைய மலைக்கு எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?” என்பார் பாட்டி. “நாம போறோம்ல, அதுக்கு மட்டும் என்ன ஆகிடும்?” என்பார் அப்பா. கூட்டிப்போவதில் தவறில்லை; ஆனால் நமக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. காது, மூச்சு, சூடு, எலும்பு என ஒவ்வொன்றிலும் குழந்தையின் உடம்புக்குத் தனிக் கணக்கு உண்டு.

முதலில் காது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஒரு மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 14 விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஏறும்போது நடுச்செவியில் உள்ள காற்று விரிந்து, தொண்டைக்குப் போகும் குழல் வழியே தானாக வெளியேறிவிடும். தொல்லை இறங்கும்போதுதான். வெளியழுத்தம் கூடக்கூட அந்தக் குழல் ஒட்டிக்கொள்ளும். எச்சிலை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். நமக்குக் காது அடைத்தால் கொட்டாவி விடுகிறோம். குழந்தைக்கு அது தெரியாது, வலித்தால் அழும். அதனால் இறங்கும் வழியில் இரண்டு மூன்று இடங்களில் வண்டியை ஓரங்கட்டிப் பால் கொடுங்கள். ஒவ்வொரு மிடறும் அந்தக் குழலைத் திறந்துவிடும். சளி பிடித்திருந்தால் குழல் வீங்கியிருக்கும்; பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

அடுத்தது மூச்சு. மலையிலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. ஏற்காட்டில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 84 விழுக்காடு. மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஏற்காட்டிலேயே உயரமான சேர்வராயன் கோயில் மலையும் சுமார் 1,620 மீட்டர்தான். எனவே ஆரோக்கியமான குழந்தைக்கு அச்சமில்லை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

நாம் அதிகம் ஏமாறுவது குளிரில்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சின்ன டம்ளரில் ஊற்றிய பால் சட்டென்று ஆறுவதுபோல, எடைக்கு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகமுள்ள குழந்தையின் உடம்பும் சீக்கிரம் சூட்டை இழக்கிறது. அதிலும் தலை பெரிது. தலைவழியே போகும் சூடும் அதிகம். நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குச் சரியாக வராது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது. மேட்டில் ஏறும் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும்; அசையாமல் தொங்கும் குழந்தைக்கோ அதே காற்றில் குளிரெடுக்கும். உங்கள் வியர்வையை வைத்துக் குழந்தைக்கு ஸ்வெட்டர் வேண்டுமா என்று முடிவு செய்யாதீர்கள். கைகால் சில்லென்றிருப்பது சாதாரணம். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அங்கே சில்லென்றிருந்தால் இன்னொரு துணி, வியர்த்துப் பிசுபிசுத்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

வெயிலையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளுகுளுவென்றிருந்தாலும் ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் தடவுவதைவிட நிழலும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் மேல்.

எப்படித் தூக்குவது? நம் வீடுகளில் குழந்தையை இடுப்பில் உட்காரவைத்துத் தூக்கும் வழக்கம் எலும்புக்கு நல்லது. தொடைகள் விரிந்து முழங்கால் சற்று உயர்ந்திருக்கும்போது, தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் ஆழமாகப் பொருந்தி வளர்கிறது. பேபி கேரியர் வாங்கினாலும் அதே வாகில் உட்காரவைப்பதாகப் பாருங்கள். கால்கள் நேராகத் தொங்குவது வேண்டாம். குழந்தையின் முகம் உங்கள் நெஞ்சைப் பார்த்து, மூக்கு மூடாமல் இருக்கட்டும். குழந்தையின் தாடை அதன் நெஞ்சிலேயே கவிழ்ந்தால் மென்மையான மூச்சுக்குழாய் மடங்கிவிடும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் புகும் இடைவெளி எப்போதும் வேண்டும். முதுகில் சுமக்கும் சட்டம் வைத்த கேரியர், குழந்தை தானாக உட்காரப் பழகிய பிறகுதான்.

சேர்ந்த அன்றே மேடு ஏறாமல் ஏரிக்கரையில் ஓய்வெடுங்கள். மறுநாள் காலை, மூடுபனி விலகியதும் லேடீஸ் சீட் காட்சிமுனை வரை மெல்ல நடந்தால் கீழே சேலம் நகரம் விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். பால் நேரம் வந்தால் உட்கார்ந்துவிடுங்கள். எவ்வளவு தூரம் என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். அது பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக அசந்து கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, பார்க்காமல் விட்ட இடங்களை நினைக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.